மூன்று நிமிட செஸ்ஸில் முன்னேறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆன்லைனில் பிளிட்ஸ், அதாவது சில நிமிடங்களில் முடிகிற அதிவேக செஸ், நிறைய ஆடினால் வேகம் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மதுரையில் மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையம் வரும் டவுன் பஸ்ஸில்கூட போனைக் குனிந்து பார்த்து ஆடிக்கொண்டே வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பலரைக் கேட்டால், ஒரு வருடமாக ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) அதே இடத்தில்தான் நிற்கிறது என்பார்கள். அது ஏறாததற்குக் காரணம் மூளை மந்தம் இல்லை. யோசிக்கத் தேவையில்லாத இடத்தில் யோசித்து, யோசிக்க வேண்டிய இடத்தில் நேரமில்லாமல் தவிப்பதுதான் காரணம்.

நாற்பது மூவ் போகிற ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தில் உண்மையாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் மூன்றோ நாலோதான் வரும். மீதியெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்ததாக, கை பழகியதாக இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்குத்தான். ரேட்டிங் 800 முதல் 1800 வரை இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். காய்கள் எப்படி நகரும் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

படி 1: எந்த நேரக் கணக்கில் ஆடுவது

உலகக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஒருவருக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ கிடைத்தால் அது பிளிட்ஸ். மூவுக்குக் கூடுதல் நொடி உண்டென்றால், அதை அறுபதால் பெருக்கி இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். லிசெஸ், செஸ்.காம் என்ற இரண்டு ஆன்லைன் தளங்களிலும் பத்து நிமிட ஆட்டம், பிளிட்ஸைவிட மெதுவான ரேபிட் கணக்கில் போய்விடும். அதனால், “நான் பிளிட்ஸ்தான் ஆடுகிறேன்” என்று ஒருவர் சொன்னால் எதை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

என் பரிந்துரை 3+2. மூன்று நிமிடமும், ஒவ்வொரு மூவுக்கும் இரண்டு நொடி கூடுதலும். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் ஆடப்படுவதும் இதில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பது மூவுக்கு 180 நொடியும் 80 நொடியும் சேர்ந்து 260. ஒரு மூவுக்கு ஆறரை நொடி வருகிறது. வெறும் 3+0 என்றால் நாலரை நொடிதான். இரண்டு நொடி வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் 3+2-இல் ஜெயித்துவிட்ட ஆட்டத்தை ஜெயித்தே முடிக்கலாம். 3+0-இல் ஒரு ராணி அதிகமாக வைத்துக்கொண்டே நேரம் போய்த் தோற்கலாம். கற்றுக்கொள்கிற காலத்தில் இந்தத் தோல்விகள் எதையும் சொல்லித்தராது, எரிச்சலைத்தான் தரும்.

1000-க்குக் கீழே இருந்தால் 5+3. 1000-ஐவிட வெகுவாகக் கீழே இருந்தால் பிளிட்ஸே வேண்டாம், பத்து நிமிடத்துக்குப் போங்கள். ஒரு நிமிட புல்லட் பற்றிக் கேட்பீர்கள். பொழுதுபோக்காக ஆடுங்கள், பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள்.

படி 2: போன், நெட், செட்டிங்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் பல பேருக்கு ஐம்பது புள்ளி இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முடிந்தால் கணினியும் மவுஸும். போன்தான் என்றால், போர்டு திரை முழுக்க வருகிற மாதிரி வையுங்கள், அறிவிப்புகளை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் பட்டை மேலே இறங்கி வரும்போது எதிராளியின் கடிகாரத்தை மறைத்துவிடும். காயை இழுத்து வைப்பதா, கட்டத்தைத் தொட்டுத் தொட்டு நகர்த்துவதா என்பது அவரவர் கைப்பழக்கம். போனில் தொட்டு நகர்த்துவதுதான் பிழை குறைவு என்பது என் எண்ணம். பஸ்ஸில் ஆடவே ஆடாதீர்கள். ஒரு வேகத்தடை போதும், ராணி பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்துவிடும்.

“மூவை உறுதிசெய்” என்ற அமைப்பு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் தானாக ராணியாகும்படி வையுங்கள்.

நெட்டைப் பொறுத்தவரை வேகத்தைவிட நிலைத்தன்மைதான் முக்கியம். செஸ் மிகக் குறைந்த டேட்டாவில் ஓடும், ஆனால் இரண்டு நொடி அறுந்தால் போதும், ஆட்டம் போச்சு. லிசெஸ் நெட் தாமதத்தை ஓரளவு ஈடுசெய்யும், முழுவதும் இல்லை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில் வீட்டு வைஃபையும் சேர்ந்து நிற்கும். அன்று போன் டேட்டாவில் ஆடுவதாக இருந்தால் ரேட்டிங் இல்லாத ஆட்டம் ஆடுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஆழ்வார்புரம் பக்கம் நின்றுகொண்டு பிளிட்ஸ் ஆட நினைப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. அழகரைப் பாருங்கள்.

படி 3: தொடக்கத்தைக் குறுக்குங்கள்

தொடக்கத்துக்காக வாங்கிய கோர்ஸ்களைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்களுக்குத் தேவை மூன்று ஏற்பாடு: வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் இ4-க்கு எதிராக ஒன்று, டி4-க்கு எதிராக ஒன்று (இ4, டி4 என்பவை வெள்ளை முதல் மூவில் சிப்பாயை வைக்கும் கட்டங்களின் பெயர்). அவ்வளவுதான். ஆறு மாதம் மாற்றக் கூடாது.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளையில் இத்தாலியன்: இ4, பிறகு குதிரை எஃப்3, பிஷப் சி4. கறுப்பில் இ4-க்கு கரோ-கான், டி4-க்கு ஸ்லாவ் என்ற தொடக்கங்கள். கறுப்பின் இரண்டு ஏற்பாட்டிலும் சி6, டி5 என்று சிப்பாய்கள் ஒரே இடத்தில் நிற்பதால், ஒன்றில் பழகிய யோசனை மற்றதிலும் உதவும். லண்டன் என்ற தொடக்கம் பிடிக்கும் என்றால் அதை ஆடுங்கள். எது என்பதைவிட ஒன்றிலேயே நிற்பதுதான் பலன்.

பத்து மூவுக்கு மேல் மனப்பாடம் வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்த ஏற்பாட்டில் எதிராளிகள் வைக்கிற பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளிட்ஸில் பாதிப் பேர் பொறியை நம்பித்தான் வருகிறார்கள். டி4 ஆடுகிறவர்கள் அடிக்கடி சந்திப்பது, சிப்பாயைத் தியாகம் செய்து தொடங்கும் எங்லண்ட் கேம்பிட். 1.டி4-க்கு கறுப்பு இ5 என்று சிப்பாயை நீட்டும். நீங்கள் வெட்டுவீர்கள். பிறகு கறுப்பும் நீங்களும் மாறி மாறி: குதிரை சி6, குதிரை எஃப்3, ராணி இ7, பிஷப் எஃப்4. இங்கே கறுப்பு ராணி பி4-க்கு வந்து செக் கொடுக்கும். நீங்கள் பிஷப்பை டி2-க்கு இழுப்பீர்கள், ராணி பி2 சிப்பாயைத் தின்னும். இப்போது ராணியை விரட்டுகிற ஆசையில் பிஷப்பை சி3-க்கு வைத்தால் ஆட்டம் முடிந்தது. கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து அதைப் பின் பண்ணிவிடும், அதாவது பின்னால் உங்கள் ராஜா இருப்பதால் நகர முடியாதபடி கட்டிவிடும். ராணியை டி2-இல் வைத்துக் காப்பாற்றப் பார்த்தால், பிஷப் சி3-ஐ வெட்டும், உங்கள் ராணி திருப்பி வெட்டும், அவர் ராணி சி1-இல் மேட். சரியான மூவ் குதிரை சி3. அதை ஆடினால் வெள்ளைக்குத்தான் நல்ல நிலை. இந்த ஒரு வரிசையைத் தெரிந்து வைத்திருந்தால் எதிராளி பத்து மூவில் மூச்சு வாங்குவார், உங்கள் கடிகாரம் தொட்டதுபோலக்கூட இருக்காது.

உங்களுக்கு எந்தப் பொறி தேவை என்பதை உங்கள் ஆட்டங்களே சொல்லும். லிசெஸ்ஸில் ஓபனிங் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, உங்கள் பெயரில் உள்ள ஆட்டங்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். எந்த மூவுக்குப் பிறகு அதிகம் தோற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

படி 4: கண்ணைப் பழக்குவது

தினமும் இருபது நிமிடம் பஸில். இதைச் சொன்னால் எல்லோரும் நேராக லிசெஸ்ஸின் வேகப் போட்டியான பஸில் ஸ்டார்முக்கு ஓடுவார்கள். மூன்று நிமிடத்தில் எத்தனை போட முடிகிறது என்று பார்ப்பது ஜாலிதான். ஆனால் அதை மட்டும் ஆடினால் ஊகித்து அடிக்கிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். செக் கொடுத்துப் பார்ப்போம், சரியாக இருந்தால் சரி என்று கை போகும்.

முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக, கடைசி வரை கணக்கிட்டு, பிறகே முதல் மூவை வையுங்கள். தலைப்பு வாரியாகப் போடுவது நல்லது: ஒரு வாரம் குதிரை ஃபோர்க் (ஒரே குதிரை இரண்டு காயைத் தாக்குவது), ஒரு வாரம் கடைசி வரிசை மேட், ஒரு வாரம் காவலில்லாத காய். 1400-க்குக் கீழே நடக்கிற பிளிட்ஸில் பெரும்பாலான ஆட்டங்கள் காவலில்லாமல் கிடந்த காயில்தான் முடிகின்றன. அழகான தியாகங்களில் இல்லை. மீதி ஐந்து நிமிடம் ஸ்டார்ம்.

ஆட்டத்துக்குள்ளே ஒரே ஒரு பழக்கம்: எதிராளி மூவ் வைத்ததும், அந்தக் காய் எங்கே வந்தது என்று பார்ப்பதோடு நிற்காமல், அது எதை விட்டுவிட்டு வந்தது என்றும் பாருங்கள். ஒரு நொடி வேலை. காவல் போன கட்டம் அங்கேதான் தெரியும்.

படி 5: கடிகாரத்தோடு ஆடுவது

இதுதான் முக்கியமான படி, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

3+2 ஆட்டத்தில் முதல் பத்து மூவை அரை நிமிடத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள். தொடக்கத்தைக் குறுக்கியதே இதற்காகத்தான். இருபதாவது மூவுக்கு வரும்போது ஒன்றரை நிமிடம் கையில் இருந்தால் நல்ல நிலை. ஒரு நிமிடத்துக்குக் கீழே வந்துவிட்டால், எங்கோ தேவையில்லாமல் செலவழித்திருக்கிறீர்கள். அது எங்கே என்று ஆட்டம் முடிந்ததும் பார்க்க வேண்டும்.

எங்கெல்லாம் நேரம் செலவழிக்கலாம்? ஒன்று, காய்கள் தொடர்ந்து வெட்டுப்படப் போகிற இடம். அங்கே ஒரு எண்ணிக்கை தப்பினால் திரும்ப முடியாது. இரண்டு, ராணிகளை மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு. மூன்று, நீங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காத மூவை எதிராளி வைக்கிற இடம். நாலாவது, ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளுவது, ஏனென்றால் சிப்பாய் பின்னால் வராது. இந்த இடங்களில் பதினைந்து இருபது நொடி எடுத்தாலும் தப்பில்லை.

எங்கே செலவழிக்கக் கூடாது? வெட்டியதைத் திருப்பி வெட்ட ஒரே வழி இருக்கும்போது. செக்குக்கு ஒரே பதில் இருக்கும்போது. அப்புறம், இரண்டு மூவுமே நன்றாகத் தெரியும்போது. இந்த மூன்றாவதில்தான் நம்மவர்கள் நேரத்தைக் கொட்டுகிறார்கள். யானையை டி1-க்குக் கொண்டுபோவதா, இ1-க்கா என்று இருபத்தைந்து நொடி! இரண்டுமே நல்ல மூவ் என்றால் முதலில் தோன்றியதை ஆடிவிடுங்கள்.

எதிராளி யோசிக்கும் நேரமும் உங்கள் நேரம்தான். அப்போது குறிப்பிட்ட மூவ்களைக் கணக்கிட வேண்டாம், அவர் எதை வைப்பார் என்று தெரியாது. பொதுவாகப் பாருங்கள்: என் காய்களில் எது சும்மா நிற்கிறது, அவருடைய எந்தச் சிப்பாய் பலவீனம், என் ராஜாவுக்கு மூச்சுவிட ஒரு கட்டம் இருக்கிறதா. சும்மா கிடைக்கிற ஒரு மூவில் ஹெச்3 தள்ளி வைத்தால் கடைசி வரிசை மேட் பயம் ஆட்டம் முழுக்கப் போய்விடும்.

கடிகாரத்தை எப்போது பார்ப்பது? நீங்கள் மூவ் வைத்த பிறகு. உங்கள் நேரம் ஓடும்போது அதைப் பார்த்தால் பதற்றம் மட்டும்தான் கூடும்.

இருபது நொடிக்குக் கீழே வந்துவிட்டால் ஆட்டமே வேறு. அப்போது சிறந்த மூவைத் தேடாதீர்கள், பாதுகாப்பான மூவைத் தேடுங்கள். காய்கள் ஒன்றையொன்று காத்துக்கொண்டு நிற்கட்டும். ராஜா திறந்த வரிசையை விட்டு விலகட்டும். எதிராளிக்கும் நேரம் குறைவாக இருந்தால், காயை இழக்காத செக் ஒன்று இருந்தால் கொடுங்கள், அவரை யோசிக்க வையுங்கள். 3+2-இல் ஒரு ஆறுதல்: ஒவ்வொரு மூவையும் இரண்டு நொடிக்குள் வைத்துக்கொண்டே இருந்தால் நேரத்தில் நீங்கள் தோற்கவே முடியாது.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. எதிராளியின் நேரம் முடியும்போது உங்களிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் உங்களுக்கு வெற்றி கிடையாது, டிரா. ஒரே ஒரு சிப்பாய் இருந்தால் வெற்றி. அதனால் தோற்கிற ஆட்டத்திலும் கடைசிச் சிப்பாயைக் காப்பாற்றி வைத்திருங்கள். நேரத்தில் ஜெயிப்பது கேவலம் என்று சிலர் திட்டி எழுதுவார்கள். கடிகாரம் இருவருக்கும் ஒரே அளவில்தான் தொடங்கியது.

படி 6: இறுதி ஆட்டம், யோசிக்காமல்

சிம்மக்கல் பக்கம் பூ கட்டுகிறவர்களைப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே கட்டுவார்கள், கண் மல்லிகையில் இருக்காது, கண்ணி தப்பாது. அடிப்படை இறுதி ஆட்டங்கள் உங்கள் விரலுக்கு அப்படி வர வேண்டும்.

தேவையான பட்டியல் சிறியது: ராணியால் மேட், யானையால் மேட், ராஜாவும் ஒரு சிப்பாயும் இருக்கும்போது ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கிற அப்போசிஷன். 1500-க்கு மேலே போனால் யானை இறுதி ஆட்டத்தில் லுசேனா (ஜெயிக்கும் வழி), ஃபிலிடார் (டிரா செய்யும் வழி) நிலைகள்.

ராணி மேட்டில் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி இது. எதிராளி ராஜாவிலிருந்து குதிரை பாய்கிற தூரத்தில் உங்கள் ராணியை வையுங்கள். அவர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அதே பக்கம் நீங்களும் நகருங்கள். யோசனையே வேண்டாம், தானாக மூலைக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் அவர் மூலைக் கட்டத்துக்குள் நுழைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அங்கேயும் குதிரைத் தூரத்தில் ராணியை வைத்தால் ஸ்டேல்மேட்: செக் இல்லாமலே நகர வழியின்றி ஆட்டம் டிரா. ராணியை அவருக்கு முந்தைய வரிசையிலேயே தள்ளி நிறுத்தி, அவர் இரண்டு கட்டத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, உங்கள் ராஜாவை நடத்திக் கொண்டுவாருங்கள்.

அப்புறம், இரண்டாவது ராணி ஆசை வேண்டாம். பத்து நொடியில் இரண்டு ராணிகளோடு ஸ்டேல்மேட் ஆக்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கணினியை எதிராளியாக வைத்து, முப்பது நொடியில் இந்த மேட்களை முடிக்கப் பழகுங்கள். தொடர்ந்து பத்துத் தடவை தவறாமல் வந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

படி 7: ப்ரீமூவ்

எதிராளியின் நேரம் ஓடும்போதே உங்கள் அடுத்த மூவைப் போட்டு வைப்பது. லிசெஸ்ஸில் இதற்கு நேரமே கழியாது, ஒன்றுதான் போட முடியும். செஸ்.காமில் பத்தில் ஒரு நொடி கழியும், வரிசையாகப் பல போட்டு வைக்கலாம்.

திருப்பி வெட்டுகிற ப்ரீமூவ்தான் இருப்பதில் பாதுகாப்பானது. உங்கள் காயை அவர் வெட்டாவிட்டால், அந்தக் கட்டத்தில் உங்கள் காயே நிற்கும், அதனால் ப்ரீமூவ் செல்லாமல் போய்விடும். நஷ்டமில்லை. தொடக்கத்தில்தான் கவனம் வேண்டும். லண்டன் ஆடுகிறவர்கள் டி4 வைத்துவிட்டு பிஷப் எஃப்4-ஐக் கண்ணை மூடிக்கொண்டு ப்ரீமூவ் போடுவார்கள். எதிராளி முதல் மூவாக இ5 வைத்திருந்தால் பிஷப் நேராகச் சிப்பாயின் வாயில். கரோ-கானில் சி6-க்குப் பிறகு டி5-ஐ ப்ரீமூவ் போடுவதில் அப்படிப் பெரிய ஆபத்து இல்லை.

நேரம் நிறைய இருக்கும்போது ப்ரீமூவ் போடுவது வெறும் வீம்பு.

படி 8: தோற்ற ஆட்டத்தைப் பார்ப்பது

ஒவ்வொரு தோல்விக்கும் இரண்டு நிமிடம். முதலில் இன்ஜினை, அதாவது மூவ்களைக் கணக்கிடும் செஸ் மென்பொருளை, போடாதீர்கள். எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று நீங்களே குறியுங்கள், அப்புறம் இன்ஜின் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2024-இல் உலக சாம்பியனான குகேஷைச் சிறு வயதில் பல வருடங்கள் இன்ஜின் இல்லாமலே பயிற்றுவித்தார்கள். நமக்கு இரண்டு நிமிடம் அது இல்லாமல் இருக்க முடியாதா?

ஒரு நோட்டில் ஒரே சொல் எழுதுங்கள்: தொடக்கம், காவல், நேரம், இறுதி. எந்தக் காரணத்தால் தோற்றீர்களோ அது. லிசெஸ் பகுப்பாய்வில் ஒவ்வொரு மூவுக்கும் எத்தனை நொடி எடுத்தீர்கள் என்ற படமும் வரும். அதில் உயரமாக நிற்கிற கம்பிகளைப் பாருங்கள். அவை படி 5-இல் சொன்ன நாலு இடங்களில் வந்திருந்தால் சரி. வார முடிவில் எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறதோ, அடுத்த வாரம் அதில்தான் வேலை.

படி 9: எப்போது நிறுத்துவது

தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாவதில் மீட்டுவிடலாம் என்று தோன்றும், இரவு பன்னிரண்டு மணிக்கு நூறு புள்ளி போயிருக்கும். ஒரு நாளைக்கு ஆறு ஏழு ஆட்டத்துக்கு மேல் பயிற்சிக்குத் தேவையில்லை. லிசெஸ் ரேட்டிங்கையும் செஸ்.காம் ரேட்டிங்கையும் ஒப்பிட்டு மனம் நோகவும் வேண்டாம். இரண்டும் வேறு கணக்கு. பொதுவாக லிசெஸ் எண் கூடுதலாகத்தான் காட்டும்.

வாரத்தில் இரண்டு ஆட்டமாவது மெதுவாக, பதினைந்து நிமிடமோ அதற்கு மேலோ ஆடுங்கள். பிளிட்ஸில் கை தானாக எடுக்கிற முடிவுகள் எல்லாம் மெதுவான ஆட்டத்தில் யோசித்துச் சேமித்தவைதான். சிறுவயதிலேயே மின்னல் வேகத்துக்குப் பெயர் வாங்கிய விஸ்வநாதன் ஆனந்த் 2017-இல், 48 வயதில், உலக ரேபிட் பட்டம் வென்றார். இளைஞர்களுக்கு இணையாக அப்போதும் அவர் கை ஓடியதென்றால், அத்தனை வருட மெதுவான ஆட்டத்தின் சேமிப்பு அது.

படி 10: பலகையில் வந்து ஆடுங்கள்

மதுரை, திண்டுக்கல், விருதுநகர், காரைக்குடி என்று சுற்று வட்டாரத்தில் பள்ளி, கல்லூரி அரங்குகளில் வார இறுதிப் போட்டிகள் நடக்கின்றன. 2023-இல் இந்தியாவின் 79-வது கிராண்ட்மாஸ்டரான பிரணேஷ் காரைக்குடிக்காரர்தான். ஆன்லைனில் மட்டும் பழகியவர்கள் பிளிட்ஸ் போட்டிக்கு வந்தால் முதல் நாள் மூன்று இடத்தில் தடுமாறுவார்கள்.

காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். வீட்டில் ஒரு வாரம் இதைப் பழகிவிட்டுப் போங்கள்.

திரை செல்லாத மூவை அனுமதிக்காது, பலகை அனுமதிக்கும். செக்கில் இருக்கும் ராஜாவை அப்படியே விட்டுவிட்டு வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால், முதல் தடவை எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள். இரண்டாவது தடவை ஆட்டமே போய்விடும்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் தானாக ராணி முளைக்காது. பக்கத்தில் ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. யானையைத் தலைகீழாக வைத்து “இது ராணி” என்று சொல்வது வீட்டு ஆட்டத்தில் செல்லும். போட்டியில் அது யானைதான்.